பெட்டி கேளாத இரண்டு நிமிடம்

2025 ஓகஸ்ட் 11, திங்கள்

காற்று இன்னும் விடவில்லை. மேசையைத் துடைத்து அரை மணித்தியாலம் ஆகவில்லை, விசைப்பலகை முழுக்க மணல். உம்மா ஜன்னலைச் சாத்தச் சொல்கிறார். சாத்தினால் அவியும். கற்பிட்டியில் பிறந்து முப்பத்தைந்து வருடமாகியும் இந்த ஒரு விஷயத்தில் ஒரு முடிவுக்கு வரமுடியவில்லை.

பகலெல்லாம் கம்பனி வேலை. எங்கோ ஒரு தொழிற்சாலையில் இயந்திரக் கை சொன்ன நேரத்துக்குப் பிந்தி அசைகிறதாம். கணினிக்குள் யார் யாரைத் தடுத்து வைத்திருக்கிறார் என்று தடம் பிடித்துச் சொல்வதுதான் என் தொழில். வீட்டுக்கு வருகிறவர்களிடம் உம்மா, "மகள் கம்பியூட்டருக்கு நாடி பாக்கிற" என்று சொல்லிவைத்திருக்கிறார். கிட்டத்தட்டச் சரிதான்.

பாண் வாங்கப் போனபோது பஸ் நிறுத்தத்தில் றொபின்சன் அண்ணனைக் கண்டேன். மெலிந்துபோனார். சேட் தோளில் நிற்கவில்லை. என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார். நான் என்ன பிழை செய்தேன்? கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான்.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

நேற்று எழுதிய கடைசி வரியை இன்று வாசித்தேன். பிழை செய்யாதவள் அப்படி எழுதுவாளா? நடந்ததை ஒருதரமாவது ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

எங்கள் கரையில் நாற்பத்தொரு படகுகளுக்கு ஒரு சிறு கருவி கொடுத்திருக்கிறோம். உள்ளங்கை அளவு. நிமிடத்துக்கு ஒருதரம் "நான் இங்கே நிற்கிறேன்" என்று தானாகவே வானொலி அலையில் சொல்லும். ஆபத்தென்றால் சிவப்புப் பொத்தானை அமத்த வேண்டும். அதைக் கேட்கும் பெட்டி கடற்கரைப் பள்ளிவாசலில், மினாராவுக்குக் கீழே உள்ள அறையில் இருக்கிறது. ஊரில் அதைவிட உயரமான இடம் இல்லை. பெட்டிக்குள் ஓடுவது முழுக்க நான் எழுதியது. சிவப்புச் செய்தி வந்தால் பெட்டி கருவிக்குப் பதில் அனுப்பும், கருவியில் பச்சை வெளிச்சம் எரியும், கரையில் பத்துப்பேரின் தொலைபேசி ஒலிக்கும்.

மே 16, வெள்ளிக்கிழமை பின்னேரம், கண்டக்குழி வின்சன்டும் அவருடைய மனைவியின் அண்ணன் றொபின்சனும் கடலுக்குப் போனார்கள். இயந்திரம் நின்றது. ஓர் அலை படகை நிரப்பியது, அடுத்தது கவிழ்த்தது. இரண்டு அலைக்கும் இடையில் சிவப்புப் பொத்தானைப் பல தரம் அமத்தியதாகவும் பச்சை எரியவேயில்லை என்றும் றொபின்சன் அண்ணன் சொன்னார். இருவரும் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். "நீ அமத்தினதானே மச்சான், வருவானுகள்" என்று வின்சன்ட் சொல்லிக்கொண்டே இருந்தாராம். இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு அவருடைய கை விட்டுவிட்டது. அண்ணனை விடியற்காலை வேறொரு படகு தூக்கியது. வின்சன்ட் மூன்றாம் நாள் கரை ஒதுங்கினார்.

கரையில் எந்தத் தொலைபேசியும் ஒலிக்கவில்லை.

மீனவர் சங்கத்தில் விசாரணை வைத்தார்கள். செயலாளர் முனாஸ் நானா என்னைக் கூப்பிட்டார். பெட்டியின் பதிவை அச்சடித்துக்கொண்டு போனேன். ஆறு இருபத்துநாலுக்கு அந்தப் படகின் கடைசிச் செய்தி. சிவப்பு என்று ஒன்றும் இல்லை. யாரோ கேட்டார்கள், பெட்டி தவறவிட்டிருக்கலாமா என்று. "மிஷின் பொய் சொல்லாது" என்றேன். படகில் கட்டியிருந்த கருவியையும் மேசையில் வைத்திருந்தார்கள், உப்புப் பூத்துப்போய். இதையும் திறந்து பார்க்க வேண்டுமா என்று முனாஸ் நானா கேட்டார். தேவையில்லை, பதிவு இருக்கிறதே என்றேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அதன் பிறகு றொபின்சன் அண்ணனைச் சங்கத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். செத்தவனின் பெயரைச் சொல்லிப் பொய் கதைத்தவனை எந்தப் படகும் ஏற்றவில்லை. சொந்தத் தங்கச்சி யூஜினி, வின்சன்டின் மனைவி, அவரைக் கண்டால் கதவைச் சாத்துகிறாளாம்.

ஓகஸ்ட் 15, வெள்ளி

இந்த முறை தலவில தேவாலயப் பெருநாளுக்கும் றொபின்சன் அண்ணன் போகவில்லை என்று மீன்காரப் பெண் சொன்னாள். நான் கேட்காமலே சொன்னாள்.

ஓகஸ்ட் 19, செவ்வாய்

முனாஸ் நானா தொலைபேசியில். அவருடைய படகு பின்னேரத்தில், படகுகள் நிற்கும் இடம் காட்டும் வரைபடத்திலிருந்து காணாமல் போகிறதாம். "ஒவ்வொரு நாளும் தங்கச்சி, ஆறு இருபத்தஞ்சு மட்டுல. ரெண்டு நிமிசம் போட் கடல்லயே இல்ல. பொறவு வருது." அலை மறைத்திருக்கும் என்றேன். சொல்லிவிட்டுப் பதிவைத் திறந்தேன்.

அவருடைய படகு மட்டுமல்ல. அந்த இரண்டு நிமிடத்தில் எல்லாப் படகும் குறைகின்றன. எண்பது செய்தி வரவேண்டிய இடத்தில் பதினைந்து. மே 16ஐத் திறக்கக் கை போனது. திறக்கவில்லை. தேநீர் ஊற்றிக் குடித்தேன். பிறகு திறந்தேன்.

அன்றைக்கும் அப்படித்தான். ஆறு இருபத்தைந்திலிருந்து இருபத்தேழு வரை.



ஓகஸ்ட் 21, வியாழன்

வீட்டில் பெட்டியின் இரட்டை ஒன்று வைத்திருக்கிறேன். அதில் தாமதம் அளக்கும் கருவியை ஒரு முழுநாள் ஓடவிட்டேன். இயங்குதளத்தோடேயே வரும் ஒரு நிரல்தான் அது. ஒரு செக்கனுக்கு ஆயிரம் தரம் "என்னை எழுப்பு" என்று கணினியிடம் சொல்லிவிட்டுத் தூங்கும். எவ்வளவு பிந்தி எழுப்பினார்கள் என்று எழுதி வைக்கும். இயங்குதளத்தின் அடிமடியான கேர்னலுக்குள் யார் எப்போது ஓடினார் என்ற தடத்தையும் சேர்த்து வைக்கும்.

ஒரு நாள் முழுக்க ஒரு மில்லி செக்கன்கூடப் பிந்தவில்லை. பெட்டி சுத்தம்.

மனதுக்கு நிம்மதியாக இருந்தது. அது யாருடைய நிம்மதி என்று பிறகு யோசித்தேன்.

ஓகஸ்ட் 23, சனி

பள்ளிவாசல் பெட்டியிலேயே அளக்க வேண்டும். பள்ளி அறைக்கு நான் போவதற்கு ஒரு முறை இருக்கிறது: காலை பத்து மணிக்கு, ஆண்கள் யாரும் இல்லாத நேரம், உம்மாவைக் கூட்டிக்கொண்டு. நம்பிக்கையாளர் சபைத் தலைவர் ஹிஸ்புல்லா ஹாஜியார் பூட்டின் திறப்பைத் தந்துவிட்டுப் படிக்குக் கீழே நிற்பார். யாராவது வந்தால் இருமுவார். நாலு வருடமாக இப்படித்தான். இன்று இரண்டு தரம் இருமினார், ஒன்று உண்மையான இருமல்.

அளக்கும் கருவியைப் போட்டுவிட்டு இறங்கினேன்.

ஓகஸ்ட் 24, ஞாயிறு

அளக்கும் கருவி சொல்கிறது: தாமதமே இல்லை.

பதிவு சொல்கிறது: ஆறு இருபத்திரண்டுக்கு வழக்கம்போல அறுபத்தைந்து செய்தி தொலைந்தது.

ஒரே பெட்டிக்குள் இருந்துகொண்டு இரண்டு பேர் இரண்டு கதை சொல்கிறார்கள். மே மாதம் இப்படி ஒரு நிலைமை வந்தபோது நான் யாரை நம்பினேன் என்று தெரியும்.

அளக்கிறவர் வேறு, வானொலியைக் கேட்கிறவர் வேறு, இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. அவர்களைப் பிணைக்க வேண்டும். தாமதம் ஓர் எல்லையைத் தாண்டிய அந்தக் கணமே அளக்கும் கருவி தடத்தை நிறுத்தி, வெளியே இருக்கும் என்னுடைய நிரலைக் கூப்பிட வேண்டும். "வா, வானொலி இப்போது எப்படி இருக்கிறது, எத்தனை செய்தி விழுந்தது, எழுதி வை." இரண்டு கதையும் ஒரே கடிகாரத்தில், ஒரே தாளில் வர வேண்டும். வெளிச்சாமானைக் கூப்பிட அந்தக் கருவியில் வசதி இருக்கிறது. நான் ஒருநாளும் பாவித்ததில்லை.

ஓகஸ்ட் 27, புதன்

பிணைத்துவிட்டேன். வேலை செய்கிறது. ஆனால் எல்லையைத் தாண்டினால்தானே கூப்பிடும்? தாண்டவில்லை. செய்தி மட்டும் தொலைகிறது.

ஓகஸ்ட் 29, வெள்ளி

உம்மாவுக்குப் பிரஷர் பார்க்கக் கிளினிக் போனோம். வெளியே இருக்கிற வாங்குகள் நிறையச் சனம். அங்கே வேலை செய்யும் பிள்ளைக்கு உம்மாவைத் தெரியும். கையைப் பிடித்து நேரே உள்ளே கூட்டிப்போய்விட்டாள். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்த உம்மா, திரும்பும் வழியெல்லாம், "இண்டைக்கு சனமே இல்ல, கெதியா முடிஞ்ச" என்று காண்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

முச்சக்கர வண்டிக்குள் இருந்தபடியே எனக்கு உறைத்தது.

கணினிக்குள்ளும் வரிசை உண்டு. ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண், பெரிய எண்ணுக்கு முதலிடம். அளக்கும் கருவி வழக்கமாகத் தொண்ணூற்றைந்தில் நிற்கும். வானொலியைக் கேட்கும் நிரலை ஐம்பதில் வைத்திருக்கிறேன். முன்வரிசையில் நின்றுகொண்டு வரிசையே இல்லை என்று சொல்கிறது அது. வானொலி எங்கே நிற்கிறதோ அங்கே நிற்க வைத்துத்தான் அளக்க வேண்டும். கம்பனியில் புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கும் பாடம் இது.

செப்டெம்பர் 1, திங்கள்

காலை பத்துக்குப் பள்ளிக்குப் போய் அளக்கும் கருவியை ஐம்பதில் இறக்கினேன். ஹாஜியார் இருமவில்லை.

பின்னேரம் ஆறு பதினாறு. தொழுகைக்கு வுழு எடுத்துக்கொண்டிருந்தேன். மேசையில் தொலைபேசி அதிர்ந்தது. ஈரக் கையோடு எடுத்தேன்.

எல்லை தாண்டியது. தாமதம் ஒன்பதாயிரத்து நூற்று நாற்பது மில்லி செக்கன். ஒன்பது செக்கன்! அந்த நேரத்தில் ஆறு செய்தி வந்து, ஐந்து அழிந்து, கடைசி ஒன்று மட்டும் மிச்சம். அவ்வளவு நேரமும் கணினியைப் பிடித்து வைத்திருந்தவனின் பெயரும் வந்திருந்தது.

வக்து.

நான் வைத்த பெயர்.

பள்ளியில் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள். அப்படியே நின்றேன்.

செப்டெம்பர் 2, செவ்வாய்

எழுதத்தான் வேண்டும்.

மார்ச் மாதம், நோன்பு. பள்ளியில் தொழுகை நேரம் காட்டும் மின்பலகை இரண்டு நிமிடம் பிந்தி ஓடியது. ஊரே அந்தப் பலகையைப் பார்த்துத்தான் பேரீச்சம்பழத்தை வாயில் வைக்கும். ஹாஜியார் வீட்டுக்கு வந்தார். "உங்கட பெட்டில சரியான நேரம் ஈக்கிதானே மகள். அத இதுக்கு குடுக்கேலாதா? ஒரு செக்கன் முந்தி நோன்பு தொறந்தாலும் ஊர்ட நோன்பு என்ட கழுத்துல." எனக்கும் பயம். தொழுகை நேரம் என்ற பொருளில் வக்து என்று ஒரு சின்ன நிரல் எழுதினேன். மஃரிபுக்கு, அந்தித் தொழுகைக்கு, இரண்டு நிமிடம் இருக்கும்போது பலகையில் செக்கன் செக்கனாக எண்ணி இறங்கும். பலகைக்குப் போகும் கேபிள் மலிவானது, ஒழுங்காகப் பதில் சொல்லாது. அதனால் நிரல் நின்ற இடத்திலேயே "போச்சா, போச்சா" என்று கேட்டுக்கொண்டு சுற்றும். அது பிந்தவே கூடாதென்று வரிசையில் தொண்ணூறில் வைத்தேன். ஒரு நோன்பு கெட்டுவிடக்கூடாது என்று.

பெருநாள் முடிந்ததும் எடுக்க நினைத்தேன். பலகை எண்ணுவது எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. விட்டுவிட்டேன்.

வானொலிக்கு ஒரு கதிரைதான் உண்டு. வந்து இருக்கிற செய்தியை எழுப்பி உள்ளே கூட்டிப்போகப் பிந்தினால், அடுத்து வருகிறது அதே கதிரையில் இருந்துவிடும். முதலாவது போனது போனதுதான். வக்து சுற்றிக்கொண்டிருந்த இரண்டு நிமிடமும் யாரும் யாரையும் கூட்டிப்போகவில்லை.

வீட்டுப் பெட்டியில் பலகை இல்லை, ஆகவே குற்றமும் இல்லை. பள்ளிக்கு நான் போவது காலை பத்துக்கு. மஃரிபுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது நான் பெட்டியை எட்டிப் பார்த்ததேயில்லை. இந்த ஊரில் அந்த நேரம் யார் கணினி பார்ப்பார்கள்?

மே 16, மஃரிப் ஆறு இருபத்தேழு.

யா அல்லாஹ்.

செப்டெம்பர் 3, புதன்

காலை பத்துக்குப் பள்ளிக்குப் போய்த் தொண்ணூறைப் பத்தாக்கினேன். ஒரு நிமிட வேலை. பின்னேரம் ஒரு செய்திகூடத் தொலையவில்லை. பலகையும் அழகாக எண்ணியதாம்.

செப்டெம்பர் 5, வெள்ளி

ஜும்ஆவுக்குப் பிறகு ஹாஜியார் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இப்ப சரி செஞ்சிட்டீங்கதானே மகள்?"

"ஓம்."

"அப்ப மிஷின்ல ஒரு கோளாறு எண்டு சொன்னா போதாதா? பள்ளி எண்ட சொல் வராம சொல்லேலாதா? வேதக்கார மனிசன் ஒத்தர் மவுத்தாகி, பள்ளி மணிக்கூடாலதான் எண்டு ஒரு கத வெளிய போனா... 2019 மறந்து போச்சா?"

மறக்கவில்லை. அந்த வருடம் ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு மதுரங்குளிச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கக்கூட நாங்கள் பயந்தோம். அவர் சொல்வதில் பயம் இருக்கிறது, கெட்ட எண்ணம் இல்லை. ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. கோளாறு என்றால் யாருடைய கோளாறு என்று கேட்க மாட்டார்களா? கேட்காவிட்டால் அது இன்னும் மோசம்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். யோசிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது. பெட்டி செவிடாக இருந்தது என்று தெரியும். அண்ணன் அமத்தினார் என்று அதனால் ஆகிவிடாது.

செப்டெம்பர் 7, ஞாயிறு

உம்மாவோடு கண்டக்குழிக்குப் போனேன். பூசை முடிந்து சனம் போய்க்கொண்டிருந்தது. றொபின்சன் அண்ணன் வீட்டு முன்னால் வேறு யாருடையதோ ஒரு கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். எங்களுக்குக் கதிரை கொண்டுவந்து போட்டார். தான் இருக்கவில்லை.

எல்லாம் சொன்னேன். பெட்டி, பலகை, என் எண். அவர் வலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கடைசியில் சொன்னார்:

"இல்ல தங்கச்சி. நான் அமத்தயில்ல."

எனக்கு விளங்கவில்லை.

"முதல்ல அமத்தினன் எண்டுதான் நினைச்சன். பிறகு எல்லாரும் சொல்லச் சொல்ல யோசிச்சுப் பாத்தன். கை பொத்தானுக்குப் போனது தெரியுது, அமத்தினது தெரியயில்ல. தண்ணி குடிச்ச ஆள் நான், எனக்கு என்ன தெரியும்? மிஷின் பொய் சொல்லாது எண்டு நீங்கதானே சொன்னீங்க. யூஜினியிட்டயும் போய்ச் சொல்லிட்டன், நான் அமத்தயில்ல எண்டு. ஓகஸ்ட்ல. அவளுக்குக் கோவப்பட ஒரு ஆள் வேணும்."

குரலில் சண்டை ஒன்றும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஒரு மனிதன் தன் கையையே நம்பாதபடி பண்ணியிருக்கிறேன். நான் அச்சடித்த ஒரு தாளுக்காக.

திரும்பும்போது உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

செப்டெம்பர் 8, திங்கள்

சங்கத்துக்குப் போய்க் கருவியைக் கேட்டேன். முனாஸ் நானா அலுமாரியிலிருந்து எடுத்துத் தந்தார். பொலித்தீன் பையில், பெயர் எழுதி. மே மாதம் தேவையில்லை என்று நான் சொன்ன அதே சாமான்.

"என்னத்துக்கு இப்ப?" என்றார். சொன்னேன். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

செப்டெம்பர் 10, புதன்

உப்பைக் கழுவி, காயவைத்து, மின்கலத்தை அகற்றி, நினைவுச் சில்லை மட்டும் தனியாக எடுத்து வாசித்தேன். இரண்டு நாள் எடுத்தது. சில்லின் ஒரு கால் அரித்துப்போயிருந்தது. மயிரளவு கம்பி வைத்து ஒட்டினேன். மூன்று தரம் பிசகியது.

பொத்தான் அமத்தப்படும் ஒவ்வொரு தரமும் நேரத்தைக் குறித்து வைக்கச் சொல்லி நான்தான் எழுதியிருந்தேன். எழுதியதே எனக்கு மறந்துபோயிருந்தது.

மே 16.
18:25:07
18:25:31
18:25:50
18:26:22

நாலு.

மேசையில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். உம்மா வந்து விளக்கைப் போட்டார். அவருக்கும் காட்டினேன்.

செப்டெம்பர் 12, வெள்ளி

சங்க மண்டபம், நாலரை மணி. அறுபது பேர் இருக்கும், இரண்டு சமயத்தவரும். றொபின்சன் அண்ணன் கடைசி வாங்கில். யூஜினி கறுப்புச் சட்டையில், முன்வரிசை ஓரத்தில். அண்ணனும் தங்கச்சியும் பார்த்துக்கொள்ளவில்லை.

எழுதிக்கொண்டு போனதை வாசிக்க நினைத்தேன். வாசிக்க முடியவில்லை, சொன்னேன். மே மாதம் நான் சொன்னது பிழை. றொபின்சன் அண்ணன் நாலு தரம் அமத்தினார், இதோ நேரம். பெட்டி கேட்கவில்லை. கேட்காமல் செய்தது நான், மன்னித்துவிடுங்கள்.

பின்னாலிருந்து ஒருவர்: "அப்ப பள்ளி மணிக்கூடாலயா?"

"மணிக்கூடு நேரம் மட்டும்தான் கேட்டது" என்றேன். "அத வரிசையில படகுக்கு முன்னால நிப்பாட்டினது நான். இந்தக் கையால போட்ட எண். வேற ஒருத்தருக்கும் அது தெரியாது."

கதவடியில் ஒரு கதிரை இழுபட்டது. ஹிஸ்புல்லா ஹாஜியார். அவர் வந்திருந்ததே எனக்குத் தெரியாது. "கேட்டது நான்," என்றார். "செக்கன் பிசகேலா எண்டு நின்டது நான். புள்ள மட்டும் பொறுப்பில்ல." நின்றுகொண்டேயிருந்தார், யாரோ பிடித்து இருத்தும் வரை.

முனாஸ் நானா தாளைக் கடைசி வாங்குக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அண்ணன் அதை வாங்கிப் பார்த்தார். "நாலா?" என்றார் என்னைப் பார்த்து. "நாலு" என்றேன். சேட்டின் கையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் முதுகில் கை வைத்தார்கள். மூன்று மாதமாக அவரோடு கதைக்காதவர்கள்.

யூஜினி எழும்பினாள். என்னிடம் வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"ஒருத்தரும் கூப்பிடயில்ல எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டு இருந்தன். கூப்பிட்டிருக்கினம். அவர் ரெண்டு மணித்தியாலம் கரையப் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறார்."

அவ்வளவுதான். அண்ணனையும் பார்க்காமல் போய்விட்டாள்.

செப்டெம்பர் 13, சனி

உண்மையைச் சொன்னால் மனம் லேசாகும் என்கிறார்கள். எனக்கு ஆகவில்லை.

ஒக்டோபர் 1, புதன்

பதினெட்டுப் படகுகள் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டன. கேட்காத பெட்டி எதற்கு என்கிறார்களாம். முனாஸ் நானா, "நீங்க ஒருக்கா வந்து விளங்கப்படுத்துங்களே" என்றார். அவர்கள் சொல்வதில் என்ன பிழை? போகவில்லை.

இப்போது பெட்டிக்குள் அளக்கும் கருவி நிரந்தரமாக இருக்கிறது, வானொலிக்குப் பக்கத்திலேயே, அதே வரிசையில். ஐம்பது மில்லி செக்கன் பிந்தினாலும் எனக்கு அழைப்பு வரும். மாதம் ஒருநாள் உம்மாவும் நானும் மஃரிப் நேரத்தில் பள்ளி அறையில் இருக்க ஹாஜியார் தனி வழி திறந்துவிட்டிருக்கிறார்.

ஒக்டோபர் 9, வியாழன்

றொபின்சன் அண்ணன் வந்தார். உள்ளே வரவில்லை. வாசல் படலையில் நின்று, அந்த நாலு நேரத்தையும் ஒரு தாளில் தமிழில் எழுதித் தரக் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். பொலித்தீனில் மடித்துச் சேட் பொக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

"மூண்டாவது தரம் அமத்தேக்க வின்சன்ட் வாளியால தண்ணி இறைச்சுக்கொண்டு நிண்டவன்," என்றார். "அது இப்பதான் ஞாபகம் வருது."

மன்னிப்புக் கேட்டேன். "கேட்டிட்டீங்கதானே, அண்டைக்கே" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

நவம்பர் 3, திங்கள்

யூஜினி வீட்டுக்கு வந்தாள். கல்லறைத் திருநாள் நேற்று முடிந்தது, இன்று வந்திருக்கிறாள். உம்மா தேநீர் கொடுத்தார். தொடவில்லை.

வின்சன்டின் படகைத் திருத்தியாயிற்றாம். கருவிக்குப் பதிய வேண்டும். படிவத்தை எடுத்தேன். உரிமையாளர்: யூஜினி. படகோட்டி?

"றொபின்சன்" என்றாள். "வேற ஆள் இல்ல."

ஆபத்தென்றால் முதலில் யாருக்கு அறிவிப்பது? தன் இலக்கத்தைச் சொன்னாள். எழுதினேன். பேனையை மூடும்போது சொன்னாள்:

"பெட்டிக்குக் கேட்டா உடன எனக்கு கோல் எடுங்க. கேக்காட்டியும் எடுங்க."

நிமிர்ந்து பார்த்தேன்.

"ஒவ்வொரு நாளும். நீங்க தொழுதிட்டு எடுங்க, ஆறு பத்துக்கு. ஒண்டும் வரயில்ல, பெட்டி முழிச்சிருக்கு எண்டு உங்கட வாயால சொல்லுங்க. அண்டைக்குப் பெட்டி சும்மா இருந்தத எல்லாரும் பதில் எண்டு எடுத்திட்டீங்க. எனக்குச் சும்மா இருக்கிறது வேணாம்."

சரி என்றேன். தேநீரைக் குடிக்காமலே போனாள்.

நவம்பர் 4, செவ்வாய்

6.10. எடுத்தேன். "ஒன்றும் வரவில்லை, பெட்டி முழித்திருக்கிறது." "ம்." வைத்துவிட்டாள்.

நவம்பர் 9, ஞாயிறு

ஆறாவது நாள். "ம்" என்பது "ஓம்" ஆகியிருக்கிறது.

நவம்பர் 14, வெள்ளி

மழை. கடல் பொல்லாதது என்று முனாஸ் நானா சொன்னார். றொபின்சன் அண்ணன் போயிருந்தார். பின்னேரம் முழுக்கத் திரையை விட்டு எழும்பவில்லை. தொழுகைக்கு மட்டும் எழும்பினேன். 6.10க்கு நான் சொல்லி முடித்ததும், "படகு எவடத்தில நிக்குது?" என்று முதல்தரமாகக் கேட்டாள். சொன்னேன்.

நவம்பர் 19, புதன்

உம்மாவுக்குத் தலைச்சுற்று. மஃரிப் தொழுததும் அவரைப் படுக்கவைத்து, குளிசை கொடுத்து, கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். நேரம் மறந்துபோயிற்று.

தொலைபேசி ஒலித்தது. 6.14. யூஜினி.

"நாலு நிமிசம் ஆச்சு" என்றாள்.

உம்மாவுக்குச் சுகமில்லை என்றேன். ஒன்றும் வரவில்லை, பெட்டி முழித்திருக்கிறது என்றேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன்.

"உம்மாவப் பாருங்க," என்றாள். வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது.

"அண்ணன் கரைக்கு வந்திட்டார். இங்கதான், சாப்பிடுறார்."